கேசட்டில் வந்த கை

பக்தவச்சலத்தைக் கேட்டால் தான் நல்லவன் என்றுதான் சொல்வான். குடிக்க மாட்டான். சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம் இருப்பான். கடைக்கு வரும் பெண்களிடம் தலையை நிமிர்த்திப் பேச மாட்டான். மரக்காணத்தில் பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவன். அவனுடைய லைட் வெளிச்சத்தில் கண் கூசாத மணப்பெண் அந்தச் சுற்றுவட்டாரத்தில் குறைவு. அப்படிப்பட்ட நல்லவன் ஒரு பெண்ணின் வாழ்வைக் கெடுத்தான். சத்தமே வராமல் கெடுத்தான்.

சுனாமி வந்துபோன அடுத்த ஆனி மாதம் அது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் அவன் கடை. போன வருடம்தான் பாண்டிச்சேரியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, வாசலில் போர்டு எழுதி மாட்டியிருந்தான்: ‘பழைய கேசட்டுகள் டிஸ்க்கில் மாற்றித் தரப்படும்.’ வேலைக்குக் குறைவில்லை. மரக்காணத்து உப்புக்காற்று இரும்பையே தின்றுவிடும், கேசட் எந்த மூலைக்கு? பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தாலும் நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும். கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கும் எல்லோர் வீட்டிலும் கெட்டுப்போய் எடைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஆளுக்கொரு கேசட்டோடு மாடியேறி வந்தார்கள்.

சாமுண்டீஸ்வரியும் ஒரு நாள் காலையில் வந்தாள். உப்புத் தண்ணீரில் நின்று நின்று வெளுத்துப்போன பாதங்களைச் சாக்கில் துடைத்துவிட்டு உள்ளே வந்து, மஞ்சள் பையிலிருந்து துண்டில் சுற்றிய கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன் முதுகில் பக்தவச்சலத்தின் கையெழுத்தே இருந்தது. காசிலிங்கம் – சாமுண்டீஸ்வரி, பெருமுக்கல் மலை, 1994.

“அண்ணா, இதை டிஸ்க்ல போட்டுக் குடுக்கணும்” என்றாள்.

பக்தவச்சலம் அந்தப் பெயரை இன்னொரு தடவை படித்தான். காசிலிங்கம் யார் என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கடை இருக்கிற கட்டிடமே காசிலிங்கத்துடையது. ஊருக்குக் கிழக்கே பெரிய உப்பளம் வேறு. அந்த அளத்தில் உப்பு சுமக்க வந்தவள்தான் சாமுண்டீஸ்வரி. பதினோரு வருடத்துக்கு முன் காசிலிங்கம் அவள்மேல் பைத்தியமாகி, அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் பெருமுக்கல் மலைக்கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தாலி கட்டி, அளத்து மோட்டார் கொட்டகையை ஒட்டிய ஓட்டு வீட்டில் வைத்தான். பண்டிகைக்கு அம்மா வீட்டில் சாப்பாடு, மற்ற நாளில் அளத்து வீட்டில் சாப்பாடு என்று பதினோரு வருடம் ஓடியது. பிள்ளை பிறக்கவில்லை. இப்போது அம்மாவே பார்த்து வானூர்ப் பக்கத்தில் நிலபுலம் உள்ள வீட்டுப் பெண் ரேணுகாவைப் பேசி முடித்துவிட்டாள். காசிலிங்கம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்: “மோட்டார் பாத்துக்க, சோறாக்க வச்சிருந்தேன். தாலியா? எவன் கட்டுனான்?”

“ஞாயித்துக்கெழம சகாதேவன் மாமா வீட்ல பேச உட்கார்றாங்க” என்றாள் சாமுண்டீஸ்வரி. சகாதேவன் ஊர்ப் பெரியவர், அவர் வைத்ததுதான் ஊரில் தீர்ப்பு. “தாலி கட்டுனதுக்கு இன்னா அத்தாட்சின்னு கேட்டாரு. கேசட் இருக்குதுன்னேன். ‘இப்ப யார் வீட்ல டெக் இருக்குது, டிஸ்க்ல போட்டு எடுத்தா’ன்னாரு. வானூர்லேர்ந்து பொண்ணோட அப்பாவும் வர்றாராம். கண்ணால பாத்துட்டாருன்னா அவரே எழுந்து போயிடுவாருண்ணா.”

“போட்டோ ஒண்ணும் இல்லியா?”

“நாலு இருந்துச்சு. சுனாமித் தண்ணி பூந்தப்போ சுவத்தோட போச்சு. இது பரண்ல இருந்ததால தப்பிச்சிது. கோயில் குருக்கள் செத்துட்டாரு, எங்கப்பாவும் செத்துட்டாரு. மலைக்குக் கூட வந்த மத்த மூணு பேரும் அவரு அளத்துலயே வேலை செய்றாங்க, வாய் தொறக்க மாட்டாங்க. இதை வுட்டா எனக்கு வேற கதி கெடயாது.”

அவள் சொல்லாமல் விட்ட இன்னொரு சாட்சி எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. கேசட் இருக்கும்போது கேசட் எடுத்தவன் எதற்கு என்று அவளுக்குத் தோன்றியிருக்கும்.

“அந்த எடம் மட்டும் நல்லா தெளிவா தெரியணும்ண்ணா” என்று கழுத்தில் கிடந்த மஞ்சள் சரட்டைத் தொட்டுக் காட்டினாள். பிறகு லேசாகச் சிரித்தாள். “ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. அவருக்குத்தான் ஒரு விரல் பாதி இல்லியே. மொத முடிச்சு நழுவிடுச்சு, ரெண்டாவது தடவதான் கட்டுனாரு. எனக்குச் சிரிப்பு வந்து எங்கப்பா கூட மொறச்சாரு. கேசட்ல அது மட்டும் இல்ல. வெட்டிட்டீங்களா?”

“ஆமாம்மா. அபசகுனமா இருக்குமேன்னு எடுத்துட்டேன்” என்றான் பக்தவச்சலம், தலையைக் குனிந்தபடி.

பொய். அவன் எதையும் வெட்டவில்லை. வெட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அவள் போன பிறகு கேசட்டைத் திருகாணி கழற்றிப் பிரித்தான். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பூஞ்சையைத் துடைத்து, வேறொரு கூட்டில் பொருத்தி, டெக்கில் போட்டு, சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயர்களைக் கம்ப்யூட்டரின் பின்னால் செருகினான். கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் கம்ப்யூட்டர் அதை உறிஞ்சிக்கொண்டிருக்கும். அவன் உட்கார்ந்து பார்த்தான்.

பெருமுக்கல் மலை வந்தது. படிக்கட்டு, குரங்குகள், மறுபடியும் குரங்குகள், மேலிருந்து வயல்கள், தூரத்தில் ஒரு கோடாகக் கடல். அன்றைக்கு அவனுக்குப் புதுக் கேமரா. சினிமா எடுக்க வந்தவன் மாதிரி குரங்கையும் மேகத்தையும் எடுத்துத் தள்ளினான். முகூர்த்த நேரத்துக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது. இன்னொரு பேட்டரி கீழே ஸ்கூட்டரில் கிடந்தது. செத்த கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு, எடுப்பதுபோல் நடித்துக்கொண்டு, வெறும் கண்ணால்தான் அந்தத் தாலி கட்டைப் பார்த்தான். முடிச்சு நழுவியதைப் பார்த்தான். அவள் சிரித்ததையும் பார்த்தான். இரண்டாம் முறை காசிலிங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டி முடித்ததையும் பார்த்தான்.

தாலி கட்டு இல்லாத கல்யாண கேசட்டை எந்த முகத்தோடு கொடுப்பது? பாண்டிச்சேரியில் பாட்டுச் சேர்க்கப் போனபோது தன்னுடைய கல்யாண கேசட்டையும் எடுத்துப்போனான். அவன் பாஞ்சாலையின் கழுத்தில் தாலி கட்டுகிற காட்சி அதில் இருந்தது. முகம் தெரியாது. குனிந்த பின்கழுத்து, மல்லிகைப்பூ, மஞ்சள் சரடு, முடிச்சுப் போடுகிற இரண்டு கைகள், மேலே உதிரும் பூ. மூன்றே வினாடி. அதை எடுத்து ஒட்டினான். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கல்யாண கேசட்டில் கையை யார் பார்க்கிறார்கள்? அவனவன் தன் முகம் வருகிறதா என்றுதான் பார்ப்பான்.

ஒரு தடவை ருசி கண்டவன் சும்மா இருப்பானா? கூட்டம் மறைத்துவிட்டால், லைட் போய்விட்டால், அதே மூன்று வினாடியை ஒட்டினான். மொத்தம் ஒன்பது வீடு. இந்த வருடம் அதில் நாலு கேசட் டிஸ்க்குக்கு வந்தன. நாலிலும் தன் கையைத் தானே பார்த்தான். கட்டைவிரலுக்குக் கீழே, பாண்டிச்சேரியில் உதவியாளாக இருந்த காலத்தில் ஹாலஜன் பல்பு சுட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவில். சிரித்துக்கொண்டே டிஸ்க் போட்டுக் கொடுத்தான்.

இப்போது சிரிக்க முடியவில்லை. அந்த இடத்தில் கம்ப்யூட்டரை நிறுத்திப் பார்த்தான். டெக்கில் நிறுத்தினால் படம் கோடு கோடாக ஆடும், ஒன்றும் புரியாது. கம்ப்யூட்டரில் போட்டோ மாதிரி அசையாமல் நின்றது. பத்து விரலும் முழுசாக எண்ணலாம்.

சாயங்காலமே காசிலிங்கம் மாடியேறி வந்துவிட்டான். மரக்காணத்தில் எந்தச் செய்திக்கும் அரை நாள்தான் ஆயுள்.

“டேய் பக்தா, அவ இங்க வந்தாளாமே? எங்க அந்தக் கேசட்டு?”

“இருக்குது மொதலாளி.”

“டெக்ல சிக்கிடுச்சு, அறுந்து நூலாப் பூடுச்சுன்னு சொல்லிடு.”

பக்தவச்சலம் கையைக் கூப்பினான். “அந்தப் பாவம் மட்டும் என்னால ஆவாதுங்க. நம்பிக் குடுத்த பொருள நான் கெடுத்ததே கெடயாது.”

“அப்படியா? ரொம்ப நல்லவன். ஆடி பொறக்கறதுக்குள்ள கடைய காலி பண்ணிட்டு எங்கனா போயி நல்லவனா இரு.”

காசிலிங்கம் எழுந்து வாசல்வரை போய்விட்டான். இந்த இடத்தில் பக்தவச்சலம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கடை மட்டும்தான் போயிருக்கும். வேறு கடை கிடைத்திருக்கும். அவன் வாயைத் திறந்தான்.

“கெடுக்கவே வாணாம் மொதலாளி. இப்படி வந்து உட்காருங்க.”

படத்தை ஓடவிட்டு அந்த இடத்தில் நிறுத்தினான். காசிலிங்கம் குனிந்து பார்த்தான். திரையில் தெரிந்த வலது கையைப் பார்த்தான், தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தான். பதினெட்டு வயதில் மோட்டார் பெல்ட்டில் சிக்கி ஆள்காட்டி விரல் பாதி போன கை. ஊரில் அது தெரியாத ஆளே கிடையாது.

“யார் கைடா இது?”

பக்தவச்சலம் தன் கையைத் திரைக்குப் பக்கத்தில் நீட்டினான். தழும்புக்குத் தழும்பு ஒத்துப்போனது. காசிலிங்கம் ஒரு நிமிடம் விழித்தான். பிறகு நாற்காலி ஆடும்படி சிரித்தான்.

“அடப்பாவி, என் பொண்டாட்டிக்கு நீயாடா தாலி கட்டுனே!”

பொண்டாட்டி என்று தன் வாயாலேயே சொன்னதை அவன் கவனிக்கவில்லை. பக்தவச்சலம் கவனித்தான். கவனித்துவிட்டு, “என் கைன்னு மட்டும் வெளிய சொல்லிடாதீங்க மொதலாளி, ஒம்போது வீட்டுக்காரனும் கேசட்டோட வந்து அடிப்பான்” என்றான்.

“நான் எதுக்குச் சொல்றேன்? நீ எதையும் கெடுக்காத. அவ கேட்ட மாதிரியே நல்லா தெளிவா போட்டுக் குடு.” போகும்போது தோளில் தட்டினான். “ஆவணியில என் கல்யாணத்துக்கும் நீதான் வீடியோ.”

அன்று ராத்திரி முழுக்கப் பக்தவச்சலம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒரு துளி படம் வெட்டவில்லை. நாடாவில் ஒரு கீறல் போடவில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி டிஸ்க்கில் ஏற்றுகிறேன், இதில் என் தப்பு என்ன? அதோடு நின்றானா? அந்த மூன்று வினாடியை மட்டும் தனியாக எடுத்து வெளிச்சம் கூட்டி, மங்கலைப் போக்கி, பளிச்சென்று ஆக்கினான். அவள்தானே தெளிவாகக் கேட்டாள்.

சனிக்கிழமை சாமுண்டீஸ்வரி டிஸ்க் வாங்க வந்தபோது போட்டுக் காட்டினான், நிறுத்தாமல். பூ உதிர்ந்தது, முடிச்சு விழுந்தது, கெட்டிமேளம் கேட்டது. அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் வந்துவிட்டது. “நேத்து நடந்த மாதிரி இருக்குதுண்ணா” என்றாள். முந்தானை முடிச்சிலிருந்து ரூபாயை எடுத்தாள். பக்தவச்சலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். விரத நாளில் அவளிடம் காசு வாங்க அவனுக்கு மனம் வரவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை சகாதேவன் வீட்டுக் கூடம் நிறைந்திருந்தது. ஆண்கள் பாயில், பெண்கள் சமையல்கட்டு வாசலில். பெண்களோடு பாஞ்சாலையும் இருந்தாள். வானூரிலிருந்து ரேணுகாவின் அப்பா அர்ச்சுனன் வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். டிவிடி பிளேயரை இயக்க ஆள் வேண்டும் என்று பக்தவச்சலத்தைக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் ரிமோட்டை இடது கையில் பிடித்துக்கொண்டான். வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

குரங்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மாலையும் கழுத்துமாகக் காசிலிங்கமும் சாமுண்டீஸ்வரியும் வந்தார்கள். சிரிப்பு நின்றது. காசிலிங்கம் சுவரில் சாய்ந்து பேசாமல் உட்கார்ந்திருந்தான். கெட்டிமேளம் முழங்கியது, பூ உதிர்ந்தது, கைகள் முடிச்சுப் போட்டன.

“பாத்தீங்களா மாமா? எல்லாரும் பாத்தீங்களா?” என்றாள் சாமுண்டீஸ்வரி. பதினோரு வருடத்தில் அந்த ஊர் முன்னால் அவள் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

அர்ச்சுனன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “இதுக்கு மேல இன்னாங்க பேச்சு? வேற வீட்டுப் பொண்ணு கண்ணீர்ல என் பொண்ணு வாழ வாணாம்.”

“உட்காருங்க மாமா” என்றான் காசிலிங்கம் சாவதானமாக. “பக்தா, அந்த எடத்த இன்னொரு தபா போடு. நிறுத்து.”

பக்தவச்சலம் போட்டான். நிறுத்தினான். பெரிதாக்கச் சொன்னபோது பெரிதும் ஆக்கினான். டிவி முழுக்க அந்தக் கைகள் நின்றன, பளிச்சென்று, அவனே விளக்கிவைத்தபடி.

காசிலிங்கம் எழுந்துபோய்த் தன் வலது கையை விரித்துத் திரைக்குப் பக்கத்தில் வைத்தான். முதல் வரிசையில் இருந்த ஒருவன் விரல்களைச் சத்தமாக எண்ணினான். பின்னாலிருந்து சிரிப்பு கிளம்பியது.

“மலைக்குக் கூட்டிப் போனேன், மாலை போட்டு சாமி கும்பிட்டோம், இல்லேன்னு சொல்லல. தாலி எவனோ கட்டியிருக்கான். எவன்னு அவளத்தான் கேக்கணும்” என்றான் காசிலிங்கம்.

சாமுண்டீஸ்வரி திரைக்கு அருகில் வந்தாள். பல நூறு தடவை பார்த்த படம், முதல்முறையாக நின்று தெரிந்தது. வாய் திறந்தபடி அந்தக் கையைப் பார்த்தாள். “இது... எப்படி இதுன்னு எனக்குத் தெரியல மாமா. ஆனா இவருதான் கட்டுனாரு. பாதி விரலால மொத முடிச்சு நழுவிடுச்சு மாமா. நான் சிரிச்சேன். ரெண்டாவதுதான் நின்னுது.”

“எங்க நழுவுது? காட்டு” என்றான் காசிலிங்கம். “பக்தா, மறுபடி போடு.” மறுபடி போட்டான். முடிச்சு அழகாக விழுந்தது. கூடம் இன்னும் சிரித்தது.

சகாதேவன் கையைத் தூக்கிச் சிரிப்பை அடக்கினார். “பக்தா, எடுத்தவன் நீதானே. இது யார் கை?”

கூடத்தில் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பாஞ்சாலை சமையல்கட்டு வாசலில் இருந்தபடி அவனையே பார்த்தாள். அந்தப் பின்கழுத்து யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? முந்தானையை இழுத்துத் தன் கழுத்தை மூடிக்கொண்டாள். பாக்கெட்டுக்குள் பக்தவச்சலத்தின் கை வியர்த்தது.

“பதினோரு வருசம் ஆச்சுங்க ஐயா. ஞாபகம் இல்லீங்க.”

“இவன் தாலி கட்டுனத உன் கண்ணால பாத்தியா இல்லியா?”

“நான் கேமராவுக்குள்ள கண்ண வச்சிருப்பேங்க. படத்துல இன்னா இருக்குதோ அதாங்க எனக்குத் தெரியும்.”

சகாதேவனுக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்தது. உப்பளக்காரனைப் பகைத்துக்கொள்ள ஊரில் யாருக்கும் ஆசையில்லை. ஒரு சாக்கு கிடைத்தால் போதும் என்று காத்திருந்தவர்களுக்குப் பத்து விரல் கிடைத்தது. காசிலிங்கத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை, வாரம் முடிவதற்குள் அளத்து வீட்டை விட வேண்டும் என்று சொல்லி முடித்தார். அர்ச்சுனன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப அந்தச் சரடு?” என்றான் காசிலிங்கம். “என் பேரச் சொல்லி ஊர்ல போட்டுனு திரியக் கூடாது.”

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. காசிலிங்கத்தின் அம்மாதான் எழுந்து வந்தாள். சாமுண்டீஸ்வரி தடுக்கவில்லை. கொண்டை ஊசி சிக்கி, சரடு தலையில் மாட்டிக்கொண்டது. கிழவி இழுத்த இழுப்பில் நாலு முடியோடு கையில் வந்தது. ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கேசட்டை வாங்கிப்போகச் சாமுண்டீஸ்வரி மாடியேறினாள். பாஞ்சாலை சாப்பாடு வைத்துவிட்டுப் போயிருந்தாள். பக்தவச்சலம் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு கேசட்டை எடுத்து நீட்டினான். பழக்கதோஷம், வலது கையால் நீட்டினான்.

அவள் கேசட்டை வாங்கவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த தழும்பையே பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை டிவி முழுக்க நின்ற தழும்பு. கூட்டம் விரலை எண்ணியது. அவள் ஒருத்திதான் அந்தக் கையை முழுசாகப் பார்த்திருந்தாள்.

“நீங்களா?” என்றாள். “நீங்க மலையில இருந்தீங்க. பாத்தீங்க. முடிச்சு நழுவுனத வெட்டிட்டேன்னு என்கிட்டயே சொன்னீங்க.”

பக்தவச்சலம் கேசட்டை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

“இப்ப வாங்கண்ணா. சகாதேவன் மாமாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த எடத்த எடுக்கல, ஒட்டுன கை என்னுது, ஆனா கட்டுனது அவருதான்னு சொல்லுங்க. நீங்க வரலேன்னா நானே போயி இந்தக் கைய காட்டச் சொல்லுவேன்.”

அவன் பயந்துபோனான். பயந்த நல்லவனைப்போல ஆபத்தானவன் கிடையாது. அதுவரை எந்தப் பெண்ணையும் நிமிர்ந்து பார்க்காதவன் அப்போது நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான்.

“போயி சொல்லு. தாராளமா சொல்லு. உன் கழுத்துல தாலி கட்டுன கை வீடியோக்காரன் பக்தவச்சலம் கைன்னு சொல்லு. படமும் இருக்குது, ஊரே பாத்துருக்குது. அப்பால உனக்கு யாரு புருசன்னு ஊரு சொல்லும், கேட்டுக்க.”

சாமுண்டீஸ்வரி அப்படியே நின்றாள். வெறும் கழுத்துக்குக் கை தானாகப் போனது. அவன் சொன்னது நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கூடத்துச் சிரிப்பு இன்னும் அவள் காதிலேயே இருந்தது.

“உங்க வீட்டுக்காரம்மா நல்லா இருக்கட்டும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சாபமா, வாழ்த்தா என்று அவனுக்கு விளங்கவில்லை. கேசட் மேஜைமேலேயே கிடந்தது. சோறு ஆறிப்போயிருந்தாலும் மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தான்.

ஆவணியில் காசிலிங்கத்துக்கும் ரேணுகாவுக்கும் மண்டபத்தில் கல்யாணம். சாமுண்டீஸ்வரி அப்போது வேறொருத்தர் அளத்தில் உப்பு சுமந்துகொண்டிருந்தாள். பக்தவச்சலம் இந்தத் தடவை பேட்டரி நாலு கொண்டுபோயிருந்தான். மேடையிலேயே முழங்காலிட்டுக் கேமராவைக் கழுத்துக்கு நேராக வைத்தான். கெட்டிமேளம் முழங்கியது. காசிலிங்கம் சரடைச் சுற்றி முடிச்சுப் போட்டான். பாதி விரல் வழுக்கியது. முடிச்சு நழுவித் தாலி மடியில் விழுந்தது.

ரேணுகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மேடையில் நின்றிருந்த அர்ச்சுனன் சிரிக்கவில்லை. மடியில் விழுந்த தாலியையும் மருமகனின் விரலையும் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது. சகாதேவன் வீட்டுக் கூடத்தில் ஒருத்தி கத்தியது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். சுற்றிலும் பார்த்தார். அட்சதை ஏந்தி நின்ற அத்தனை பேரும் அன்றைக்குக் கூடத்தில் இருந்தவர்கள்தான். பலபேர் முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அர்ச்சுனன்தான் முதலில் கையை ஓங்கி அட்சதையைத் தூவினார். உடனே எல்லோரும் தூவினார்கள். கூட்டம் முன்னால் பாய்ந்ததில் கேமராவை முதுகுகள் மறைத்துவிட்டன. இரண்டாம் முடிச்சு எதிலும் பதிவாகவில்லை.

பத்து நாள் கழித்துக் காசிலிங்கம் கடைக்கு வந்து படத்தைப் பார்த்தான். “அந்த நழுவுன எடத்த எடுத்துடு. ஒரு நாய்க்கும் அது தெரியக் கூடாது.”

“எடுத்துட்டா தாலி கட்டே இருக்காது மொதலாளி. அடுத்தது மறைஞ்சிடுச்சு.”

“உன் கைதான் இருக்குதேடா” என்று சொல்லிக் காசிலிங்கம் மறுபடி நாற்காலி ஆடச் சிரித்தான். “அதப் போடு. எவன் நிறுத்தி எண்ணப் போறான்? எண்ணச் சொல்றவனே நான்தானே.”

பக்தவச்சலமும் கூடச் சேர்ந்து சிரித்தான். நழுவிய முடிச்சைக் குறி வைத்து அழித்தான். கம்ப்யூட்டர் ஒரு தடவை நிஜமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று அழுத்தினான். அந்த இடத்தில் பழைய மூன்று வினாடியை வைத்து, சாயம் போன பூவுக்குப் புதுப்பூவின் நிறம் ஏற்றினான். ஒட்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாத அளவுக்குப் பொருந்திவிட்டது.

டிஸ்க்கை வாங்க ரேணுகாவே வந்தாள். புதுத் தாலி, புது மஞ்சள் வாசனை. உறையை ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அந்த எடம் தெளிவா வந்திருக்குதாண்ணா?” என்று கேட்டாள், கழுத்துச் சரடைத் தொட்டுக் காட்டி.

பக்தவச்சலம் தலையைக் குனிந்துகொண்டான். “ரொம்பத் தெளிவா இருக்குதும்மா.”